மங்கலான படத்தில் எந்தப் பருந்து? காவிரி டெல்டாவுக்கான கேள்வி பதில்கள்

ஐப்பசி தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து பருந்துப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். வயலில் நிற்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சாயங்காலம் ஏரிக்கரையில் நடப்பவர்கள் என்று பலரும் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் போனில் எடுத்த படம். வெள்ளை வானத்தில் ஒரு கறுப்பு உருவம், கீழே "இது என்ன பறவை?" என்று ஒரு வரி. மங்கலான படம் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம், அதிலிருந்தும் நிறையச் சொல்ல முடியும். அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் உருவம், அப்புறம் மாதமும் இடமும், கடைசியில்தான் நிறம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகும்.

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறிக்கடை, குப்பைமேட்டுக்கு மேலே வட்டமிடும் பழுப்புப் பறவையை இங்கே கள்ளப்பருந்து என்கிறேன். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது செம்பருந்து.

படம் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. இதை வைத்து என்ன சொல்ல முடியும்?

வானம் பிரகாசமாக இருக்கும்போது கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், பறவை இருண்டுபோகும். நிறம் போய்விட்டாலும் ஓரக்கோடு மிச்சமிருக்கும். அந்தக் கோட்டில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

வாலின் நுனி முதலாவது. உள்நோக்கிப் பிளந்திருக்கிறதா, நேராக வெட்டியதுபோல் இருக்கிறதா, உருண்டிருக்கிறதா, நடுவில் நீண்டு ஆப்புபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வாலின் நீளம். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அதன் அகலத்தை எடுத்துக்கொண்டு வாலோடு ஒப்பிடுங்கள். வயலுக்கும் ஏரிக்கும் மேலே தாழ மிதந்து இரை தேடும் பூனைப்பருந்துகளுக்கு (ஆங்கிலத்தில் ஹேரியர்) வால் அந்த அகலத்தைவிட நன்றாகவே நீண்டிருக்கும். புள்ளிக் கழுகு வகைகளுக்குக் குட்டையாக இருக்கும். மூன்றாவது, இறக்கை நுனியில் கைவிரல்போலப் பிரிந்து நிற்கும் இறகுகளின் எண்ணிக்கை. கள்ளப்பருந்துக்கும் தேன்பருந்துக்கும் ஆறு, சேற்றுப் பூனைப்பருந்துக்கும் வைரிக்கும் (ஷிக்ரா) ஐந்து, பேலிட், மாண்டேகு என்ற மற்ற இரண்டு பூனைப்பருந்துகளுக்கு நான்கு, பெரும்புள்ளிக் கழுகுக்கு ஏழு. நான்காவது, மிதக்கும்போது இறக்கையைத் தட்டையாக வைக்கிறதா, மேலே தூக்கி வைக்கிறதா, நுனியைத் தொங்கவிடுகிறதா என்பது.

விரல் எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. பளிச்சென்ற வானம் மெல்லிய ஓரங்களைத் தின்றுவிடும். இறகு நுனி தேய்ந்து தெரியும், அலகு சின்னதாகும், வாலின் வெளிமூலை காணாமல் போகும். ஆறு விரல் ஐந்தாகத் தெரிய வாய்ப்பு உண்டு, ஐந்து ஆறாகத் தெரிவது மிகவும் அபூர்வம். எனவே நீங்கள் எண்ணியதைக் குறைந்தபட்சம் இத்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் ஒன்றிரண்டு உண்மையிலேயே இல்லாமலும் இருக்கும். இடது, வலது இரண்டு இறக்கையையும் எண்ணுவது நல்லது.

பழுப்பு நிறத்தில் ஒரு பருந்து. கள்ளப்பருந்தா, வேறா?

டெல்டாவில் இருந்து வரும் படங்களில் அதிகம் குழப்புவது இதுதான். எல்லோரும் செம்பருந்தை வெள்ளைத் தலையை வைத்தே அடையாளம் வைத்திருக்கிறோம். ஆனால் அதன் இளம்பறவைக்கு வெள்ளைத் தலையும் கிடையாது, செங்கல் நிறமும் கிடையாது. உடம்பெல்லாம் பழுப்பு. தென்னிந்தியாவில் செம்பருந்து கூடு கட்டுவது பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் கூட்டைவிட்டு வெளியே வந்த இளசுகள் ஜூனில் குறுவைக்குச் சேறடிக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகளோடு சேர்ந்து தவளைக்கும் நண்டுக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் பலர் கள்ளப்பருந்து என்று அனுப்புகிறார்கள்.

வால்தான் முதல் சாட்சி. கள்ளப்பருந்தின் வால் நீளமானது, நுனியில் பிளவு உண்டு, பறக்கும்போது படகின் சுக்கான்போல அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். இளம் செம்பருந்தின் வால் அதைவிடக் குட்டை, நுனி உருண்டை. இறக்கையும் சற்றுக் குட்டையாக, அகலமாகத் தெரியும்.

வெளிச்சம் கொஞ்சம் நன்றாக இருந்தால் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இளம் செம்பருந்துக்கு விரல் இறகுகள் தொடங்கும் இடத்தில் பெரிய வெளிர் திட்டு இருக்கும், அதை ஒட்டியே நுனி கறுப்பாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே நல்ல வேறுபாடு தெரியும். வாலின் அடிப்பக்கம் பட்டை எதுவும் இல்லாமல் வெளிறிக் கிடக்கும். கள்ளப்பருந்துக்கும் அதே இடத்தில் வெளிர் திட்டு உண்டு, ஆனால் சிறியது, கோடுகள் ஓடி மங்கியிருக்கும். வாலில் மெல்லிய பட்டைகள் இருக்கும். முகம் தெரிகிற அளவுக்குப் படம் இருந்தால் கள்ளப்பருந்தின் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுத்த திட்டும் தென்படும்.

நீடாமங்கலம் பக்கம் சேற்று வயலில் எடுத்த ஒரு படத்தொகுப்பைச் சொல்கிறேன். ஒரே பறவை, சில நொடிக்குள் அடுத்தடுத்து எடுத்தவை. முதல் படத்தில் வாலை விசிறியாக விரித்திருந்தது, நுனி நேராகத் தெரிந்தது. இரண்டாவதில் வாலை மடக்கியிருந்தது, ஓரம் மங்கலாக இருந்ததால் நடுவில் பிளவுபோல் ஒரு நிழல். அதை மட்டும் பார்த்திருந்தால் கள்ளப்பருந்து என்றே சொல்லத் தோன்றும். மூன்றாவதில் திரும்பும்போது வால் பாதி விரிந்து நுனி நன்றாக உருண்டிருந்தது. நான்காவதில் கீழே நின்ற தண்ணீரின் வெளிச்சம் இறக்கைக்கு அடியில் ஏறி, அந்த வெளிர் திட்டும் கறுப்பு நுனியும் தெரிந்தன. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை, இளம் செம்பருந்து. அனுப்பியவர் முதலில் அனுப்பியது இரண்டாவது படத்தை மட்டும். அதுதான் அவருக்கு "கொஞ்சம் தெளிவாக" இருந்ததாம்.

வாலில் பிளவு இருந்தால் கள்ளப்பருந்து என்று முடிவு செய்யலாமா?

ஆழமான பிளவு தெளிவாகத் தெரிந்தால், சரி. பிளவு தெரியவில்லை என்பதை வைத்துக் கள்ளப்பருந்து இல்லை என்று சொல்லக்கூடாது. வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்து நுனி நேராகிவிடும். வெளி இறகுகள் உதிர்ந்து முளைக்கும்போது உருண்டைகூடத் தெரியும்.

சாயங்காலம் எடுத்த படத்தில் உடம்பு செக்கச்செவேல் என்று இருக்கிறது. செம்பருந்துதானே?

சூரியன் இறங்கும் நேரத்து மஞ்சள் வெளிச்சத்தில் எந்தப் பழுப்பும் சிவந்துதான் தெரியும். அதே படத்தில் உள்ள வேறு பொருளைப் பாருங்கள். பக்கத்தில் பறக்கும் கொக்கு ஆரஞ்சாகத் தெரிந்தால், சிமெண்டுக் கம்பம் மஞ்சளாகத் தெரிந்தால், பருந்தின் சிவப்பையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறானது வேதாரண்யம் உப்பளத்தில் நடக்கும். உச்சி வெயிலில் வெள்ளைப் பாத்திகளிலிருந்து வெளிச்சம் மேலே எழும்பி, பறவையின் அடிப்பக்கத்தை உள்ளதைவிட வெளிறச் செய்துவிடும். சேறடித்துத் தண்ணீர் நிற்கும் வயலிலும் கொஞ்சம் அப்படித்தான்.

ஏரியில் கோரைக்கு மேலே தாழப் பறந்தது. தலை வெளிறியிருந்தது. சேற்றுப் பூனைப்பருந்தா?

மாதத்தைச் சொல்லுங்கள், அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். சேற்றுப் பூனைப்பருந்து குளிர்காலத்துக்கு வருவது. இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை நன்றாகத் தெரியும், ஏப்ரலில் போய்விடும். வடுவூர், கரைவெட்டி, உதயமார்த்தாண்டபுரம் போன்ற ஏரிகளில் நாமக்கோழியும் வாத்தும் திடீரென்று கூட்டமாகக் கிளம்பினால், பின்னால் இது வருகிறதா என்று நான் பார்ப்பேன். ஜூலையில் எடுத்த படத்துக்கு இந்தப் பெயரைச் சொல்லவேண்டுமானால் மிக வலுவான ஆதாரம் வேண்டும்.

உருவத்தில், இறக்கை நீண்டு ஒடுங்கியிருக்கும். வால் நீளம், பிளவு இல்லை. மிதக்கும்போது இரண்டு இறக்கையையும் மேலே தூக்கி ஆங்கில வி எழுத்துபோல வைக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த கறுப்புப் படத்தில்கூட இது தெரிந்துவிடும். பெண் பறவைக்கு உச்சந்தலையும் தொண்டையும் பாலேடு நிறம், கண்ணை ஒட்டிக் கறுத்த பட்டை. அந்த வெளிர் நிறம் சட்டென்று முடியும், ஓரம் கூர்மையாக இருக்கும். பல பறவைகளுக்கு இறக்கையின் முன்விளிம்பிலும் அதே நிறம் உண்டு. இளம் செம்பருந்துக்கும் தலை வெளிறலாம், ஆனால் அது படிப்படியாகக் கழுத்தோடு கலந்துவிடும். மங்கலான படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் தலையை விட்டுவிட்டு இறக்கை அகலத்தையும் வாலையும் பாருங்கள். தலை வெளிறாத, முழுக்கக் கறும்பழுப்பான சேற்றுப் பூனைப்பருந்துகளும் வருகின்றன.

வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டோடு ஒரு பூனைப்பருந்து. எந்த இனம்?

வெள்ளைத் திட்டு தெளிவாக இருந்தால் சேற்றுப் பூனைப்பருந்தைத் தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: பேலிட் ஹேரியர், மாண்டேகு ஹேரியர். இரண்டும் மத்திய ஆசியப் புல்வெளிப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. சம்பா வயலுக்கு மேலேயும் கோடியக்கரைப் புல்வெளியிலும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மிதந்தபடி வெட்டுக்கிளியும் எலியும் தேடும். பெண்ணும் இளம்பறவையும் இரண்டு இனத்திலும் பழுப்பு, வாலில் பட்டை, வாலடியில் வெள்ளை.

பார்க்க வேண்டிய முதல் இடம் கழுத்து. பேலிட்டுக்குக் கறுத்த கன்னத்துக்குப் பின்னால் வெளிறிய கழுத்துப்பட்டை முழுசாகச் சுற்றியிருக்கும், அதற்குப் பின்னால் கழுத்தோரம் மறுபடியும் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் பட்டையை எடுத்துக் காட்டுவது. மாண்டேகுவுக்குப் பட்டை இல்லை, அல்லது மிக மங்கல். கண்ணைச் சுற்றி வெள்ளை அதிகம். வளர்ந்த பெண் பறவை தலைக்கு மேலே பறக்கும்போது எடுத்த படமென்றால் இறக்கையின் பின்பாதியைப் பாருங்கள். மாண்டேகுவுக்கு வெளிர் நிறத்தின் மேல் கறுத்த பட்டைகள் தெளிவாக ஓடும். பேலிட்டுக்கு அந்தப் பகுதி மொத்தமாக இருண்டு, பட்டைகள் அதற்குள் அமுங்கிக் கிடக்கும்.

நெஞ்சும் வயிறும் கோடே இல்லாமல் ஆரஞ்சு கலந்த பழுப்பாக இருந்தால் அது இளம்பறவை. இரண்டு இனத்துக்கும் அப்படித்தான், எனவே அதை வைத்து வயதைச் சொல்லலாம், இனத்தைச் சொல்ல முடியாது. இந்த நிறத்தை வைத்து இனப்பெயர் எழுதியிருப்பதை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஆண் பறவைகள் சுலபம். பேலிட் ஆண் ஏறக்குறைய வெள்ளை, இறக்கை நுனியில் ஒடுங்கிய கறுப்பு ஆப்பு மட்டும். மாண்டேகு ஆண் அடர்ந்த சாம்பல், நுனி முழுக்கக் கறுப்பு, இறக்கையின் மேற்பக்கம் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, வயிற்றில் செம்பழுப்புக் கீற்றுகள். அந்தக் குறுக்குக் கோடு தெரிந்தால் விஷயம் முடிந்தது. வெளிச்சம் ஏறி வெளுத்த படத்தில் அது அழிந்துபோகும் என்பதால், தெரியாததை வைத்து பேலிட் என்று சொல்லிவிடாதீர்கள்.

முகமே சில புள்ளிகளாகத் தெரியும் படத்தில் "பேலிட் அல்லது மாண்டேகு" என்பதுதான் சரியான விடை. பேலிட் ஹேரியர், இனங்களின் அழிவு அபாயத்தை உலக அளவில் மதிப்பிடும் ஐயுசிஎன் செம்பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரில் ஒரு தவறான பதிவு ஏறினால், இல்லாத பறவை இருப்பதாகக் கணக்கில் வந்துவிடும்.

வெள்ளையும் சாம்பலுமாக ஈ.பி. கம்பியில் உட்கார்ந்திருந்தது. ஆண் பூனைப்பருந்தா?

கம்பியில் உட்கார்ந்திருந்தால் அநேகமாகக் கருந்தோள் பருந்து. பூனைப்பருந்துகள் தரை, வரப்பு, மண்மேடு இவற்றில் உட்காருவதுதான் வழக்கம். கருந்தோள் பருந்து காக்கையைவிடச் சிறியது, தலை பெரிது, வால் குட்டை, தோளில் பெரிய கறுப்புத் திட்டு. வருடம் முழுக்க இங்கேயே இருப்பது. வயலில் எலி பிடிக்க இதைவிட நல்ல கூட்டாளி கிடையாது. பறவை உட்காரக் குச்சி நட்டு வைக்கும் விவசாயிகளுக்குப் பகலில் வந்து உதவுவது பெரும்பாலும் இதுதான்.

பறக்கும் படத்தில் கறுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறக்கையின் மேற்பக்கம் உடம்பை ஒட்டிய முன்பகுதி கறுப்பாக இருந்தால் கருந்தோள் பருந்து. நுனியில் மட்டும் இருந்தால் ஆண் பூனைப்பருந்து. ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிறது என்றால் கருந்தோள் பருந்தாகவோ, குளிர்காலத்தில் வரும் சிவப்பு வல்லூறாகவோ இருக்கும். சிவப்பு வல்லூறுக்கு வால் நீளம், நுனியில் கறுப்புப் பட்டை, முதுகு செம்பழுப்பு.

கொல்லையில் மாமரத்தில் வைரி. படத்தைப் பார்த்தவர் குயில் என்கிறார். எப்படி?

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அக்காக்குயில் நிறத்திலும் வால் பட்டையிலும் வைரியை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். நான்கு சிறகடி, ஒரு மிதப்பு என்று பறக்கும் விதமும் அதேதான். அதைப் பார்த்துச் சின்னப் பறவைகள் கூச்சலிட்டுக் கலைவதால், குருவிகள் பதறுவதை வைத்தும் முடிவு கட்ட முடியாது.

அலகையும் காலையும் பாருங்கள். வைரியின் அலகு குட்டை, அடியிலிருந்தே கீழ்நோக்கி வளைந்திருக்கும். குயிலின் அலகு நீண்டு மெலிந்திருக்கும். வைரி நிமிர்ந்து உட்காரும், நீண்ட மஞ்சள் கால்கள் கிளையைப் பற்றியிருப்பது தெரியும். குயில் உடம்பைச் சாய்த்து, இறக்கையைத் தளர்த்திக் கிடக்கும், கால் வெளியே தெரியவே தெரியாது. கிளை மறைத்து எடுத்த படத்தில்கூட உட்காரும் கோணம் பெரும்பாலும் தப்பிவிடாது. இளம் வைரிக்கு நெஞ்சில் குறுக்குப் பட்டைக்குப் பதில் சொட்டுச் சொட்டாகப் பழுப்புக் கோடுகள் இருக்கும், அதைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இறக்கை கூராக இருக்கிறது. வல்லூறுதானே?

வைரி வேகமாகச் சரிந்து வரும்போது இறக்கையை மடக்கும், நுனி கூராகிவிடும். கேமரா வேகம் போதாமல் படம் இழுபட்டாலும் விரல் இறகுகள் ஒன்றாகக் கலந்து ஒரே முனையாகும். எனவே ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். இறக்கை முழுக்க விரிந்த படத்திலும் கூராக இருந்தால்தான் வல்லூறு. கோடியக்கரையில் குளிர்காலத்தில் உள்ளான் கூட்டம் ஒரே வீச்சாக எழும்பி வளைந்து திரும்பினால் பொரி வல்லூறு பக்கத்தில் இருக்க நல்ல வாய்ப்பு. அதன் கறுத்த தலையும் கன்னத்தில் இறங்கும் மீசைப் பட்டையும் மோசமான படத்திலும் தாக்குப்பிடிக்கும்.

கோடியக்கரையில் பெரிய கழுகு ஒன்றைப் பார்த்தோம். படத்தில் வெறும் நிழல்தான்.

கோடியக்கரை 1967-இலிருந்து காட்டுயிர்ச் சரணாலயம், 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். சதுப்பும் உப்பளமும் காடும் கடலும் ஒட்டிக் கிடப்பதால் நான்கைந்து பெரிய இனங்களை அங்கே எதிர்பார்க்கலாம். நிழலை வைத்தே பிரிக்கக்கூடியவை சில.

விராலடிப்பான் (ஆஸ்ப்ரே): நீண்டு ஒடுங்கிய இறக்கை மணிக்கட்டில் மடிந்து ஆங்கில எம் எழுத்துபோல் நிற்கும். கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் வெள்ளை வயிறு, இறக்கையடியில் மணிக்கட்டுக் கறுப்பு, கண்ணை வெட்டி ஓடும் பட்டை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் கொள்ளிடம் முகத்துவாரத்திலும் பார்க்கலாம்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு: வால் மிகக் குட்டை, ஆப்பு வடிவம், அகன்ற இறக்கையை மேலே தூக்கி வைக்கும். இந்த உருவத்துக்கு டெல்டாக் கடற்கரையில் போட்டியே இல்லை. இளம்பறவை பழுப்பாக இருந்தாலும் உருவம் அதேதான்.

பெரும்புள்ளிக் கழுகில்தான் சிரமம். குளிர்காலத்தில் மட்டும் வருவது, உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனம். கள்ளப்பருந்தைப் பெரிதாக்கிவிட்டு இந்தப் பெயரைப் போடுவது அடிக்கடி நடக்கிறது. குட்டை வால், ஏழு விரல், பலகைபோல் அகன்ற இறக்கை, மிதக்கும்போது நுனி கீழே தொங்குவது, இந்த நான்கும் சேர்ந்து வரவேண்டும். இளம்பறவையாக இருந்து இறக்கை மேலே வெள்ளைப் புள்ளி வரிசைகள் தெரிந்தால் நல்லது.

பூட்டட் ஈகிள் என்ற சின்னக் கழுகின் கறுத்த வகையும் கள்ளப்பருந்துபோலவே தோன்றும், மேலிறக்கையில் வெளிர் பட்டை உட்பட. அதற்கு வால் நேர் வெட்டு. எதிரே வரும்போது கழுத்துக்கு இரண்டு பக்கமும், இறக்கை தொடங்கும் இடத்தில் வண்டி விளக்குபோல இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பொட்டு இருந்தால் வெயில் பட்டதாகவும் இருக்கலாம்.

படத்தைப் பார்த்து எவ்வளவு பெரிய பறவை என்று சொல்ல முடியுமா?

வெறும் வானத்தில் முடியாது. பக்கத்தில் காக்கை துரத்திக்கொண்டிருந்தால் முடியும். காக்கை இருக்கும் படத்தை வெட்டாமல் அனுப்புங்கள்.

போனில் என்ஹான்ஸ் செய்து தெளிவாக்கி அனுப்பலாமா?

வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். பறவை படத்தில் சில புள்ளிகளாக மட்டும் இருக்கும்போது, தெளிவாக்கும் செயலி அங்கே இல்லாத இறகைத் தானாக வரைகிறது. அலகு, கண், நெஞ்சுக் கோடு எல்லாம் அழகாக வந்துவிடும். அவை அந்தப் பறவையின் உடம்பில் இருந்தவை அல்ல, செயலி வேறு படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. மாண்டேகுவின் கழுத்தில் பட்டை முளைத்துவிடும், செம்பருந்துக் குஞ்சின் வாலில் பட்டைகள் வந்துவிடும். அதன்மேல் யார் பெயர் சொன்னாலும் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. சில போன்களில் நாம் கேட்காமலேயே, ஜூமை மிக அதிகமாக இழுத்தால் இது நடந்துவிடுகிறது. ஜூமைக் குறைத்து எடுத்துவிட்டு, பிறகு வெட்டிப் பெரிதாக்கிப் பார்ப்பது மேல்.

படத்தின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றலாம். இருண்ட பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் இறக்கையடியின் திட்டுகள் வெளிவரும். ஷார்ப்னெஸ் கூட்டினால் ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு எழும், அதை இறகின் நிறம் என்று நினைக்கத் தோன்றும். எதைச் செய்தாலும் மூலப் படத்தையும் கூடவே வைத்திருங்கள்.

படத்தை எப்படி அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி, நேரம், இடம் பற்றிய விவரமும் போய்விடும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள், அப்படியே வரும். நன்றாக வந்ததை மட்டும் பொறுக்காமல் எடுத்த எல்லாவற்றையும் அனுப்புங்கள். வால் மட்டும் தெரியும் படம், திரும்பிப் போகும்போது முதுகு தெரியும் படம், இவைதான் பலமுறை வழக்கை முடித்துவைக்கின்றன. கூடவே நீங்கள் கண்ணால் பார்த்ததை இரண்டு வரி எழுதுங்கள்: தாழப் பறந்ததா, வட்டமிட்டதா, எதன்மேல் உட்கார்ந்தது, என்ன பயிர் நின்றது.

அடுத்த முறை கொஞ்சம் நல்ல படம் எடுக்க என்ன செய்யலாம்?

சூரியனை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். போனில் பறவைமேல் தொட்டு வெளிச்சத்தை மேலே தள்ளுங்கள், வானம் வெளுத்தாலும் பரவாயில்லை, பறவை தெரிய வேண்டும். கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி, ஷட்டரை 1/1600-க்கு மேல் வைத்துத் தொடர்ச்சியாகச் சுடுங்கள். போன் மட்டும் இருந்தால் பத்து நொடி வீடியோவும் எடுங்கள். ஒவ்வொரு காட்சியும் மங்கலாக இருந்தாலும், இறக்கையைத் தூக்கி மிதக்கிறதா, வாலைத் திருப்புகிறதா என்பது வீடியோவில் தெரிந்துவிடும்.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி சொன்ன பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பட்டியலைச் சுருக்க நல்ல கருவி. இடமும் தேதியும் சரியாகக் கொடுத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். மங்கலான பருந்துப் படத்தில் அது முதலாவதாகக் காட்டும் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று, நான்கு பெயர்களையும் பாருங்கள். பிறகு மேலே சொன்ன வால், விரல், நீளம் இவற்றோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

கடைசிவரை இனம் தெரியவில்லை. பதிவிடலாமா?

தாராளமாக. பறவைப் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் தளத்தில் "பேலிட் அல்லது மாண்டேகு" என்று சேர்த்தே ஒரு பெயர் உண்டு. பூனைப்பருந்து என்று பொதுவாகவும் போடலாம். அந்தத் தேதியில் அந்த வயலில் ஒரு பூனைப்பருந்து இருந்தது என்பதே பயனுள்ள தகவல். ஜனவரி நடுவில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஊருக்குப் போகும்போது சம்பா வயலில் கால் மணி நேரம் நின்றாலே இப்படி ஒரு பதிவு கிடைக்கலாம். படத்தையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள், பின்னால் வேறு ஒருவர் பார்த்துத் திருத்த முடியும்.

கூட்டின் படம் அனுப்பினால் சுலபமாகச் சொல்லிவிடுவீர்களா?

கூட்டுக்காகக் கிட்டே போகாதீர்கள். செம்பருந்து பெரும்பாலும் தண்ணீரை ஒட்டிய உயர்ந்த மரத்தில்தான் கட்டும். கீழே ஆள் நின்றுகொண்டே இருந்தால் தாய் இறங்காது, குஞ்சு வெயிலில் காயும், காக்கை புகுந்துவிடும். தூரத்தில் இருந்தே, தாய் வந்து போவதை எடுங்கள். இடத்தைப் பொதுவில் போடாமல் கேட்பவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

சில வருடம் முன்பு எடுத்த பழைய மெமரி கார்டில் படங்கள் கிடக்கின்றன. இப்போது பிரயோஜனம் உண்டா?

உண்டு, தேதி சரியாக இருந்தால். பல கேமராக்களில் பேட்டரி தீர்ந்ததும் தேதி பழைய ஆண்டுக்கே போய்விடும். அதே கார்டில் கல்யாணம், திருவிழா என்று நாள் தெரிந்த வேறு படம் இருந்தால் அதோடு ஒப்பிட்டு எத்தனை நாள் வித்தியாசம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னணியில் நாற்று நிற்கிறதா, கதிர் சாய்ந்திருக்கிறதா, அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கிறதா என்பதும் மாதத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் குறிப்போடு அனுப்புங்கள்.